சீட்டு ஒழிந்தது, எண் எஞ்சியது: தமிழகப் பரிசுச் சீட்டு வரலாறு – செம்பட்டிச் சாலைச் சந்திப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு 2003ஆம் ஆண்டு சனவரியில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பின்னரும் ‘மூன்று நம்பர் லாட்டரி’ என மக்கள் வழங்கும் எண் சூது தொடர்கிறது. அச்சிட்ட தாளாகிய சீட்டையே சட்டம் கட்டுப்பாட்டின் பொருளாகக் கொண்டதும், சீட்டின் உயிராகிய எண் தாளிலிருந்து பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கியதும் இத்தொடர்ச்சிக்குக் காரணங்கள் என இக்கட்டுரை வாதிடுகிறது. சொல் வரலாறு, சட்ட வரலாறு, உலக ஒப்பீடு ஆகிய மூன்று வழிகளில் இக்கருத்து ஆராயப்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டிச் சாலைச் சந்திப்பு இவ்வரலாற்றை நோக்கும் இடமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரிசுச் சீட்டு, லாட்டரி, குடவோலை, குலுக்கல், பொது எண், செம்பட்டி.

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் அமைந்துள்ள செம்பட்டி, இரு பெருவழிகள் சந்திக்கும் ஊர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம் வழியாகக் கேரள எல்லையான குமுளிக்குச் செல்லும் சாலை ஒன்று. மதுரையிலிருந்து நிலக்கோட்டை வழியாக ஒட்டன்சத்திரம், பழனி நோக்கிச் செல்லும் சாலை மற்றொன்று. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியும் பழனிப் பாதயாத்திரையும் சின்னாளபட்டி நெசவுச் சரக்கும் கேரளத்துக்கு வேலைக்குச் செல்வோரும் கடந்துசெல்லும் வழிகள் இவை. பேருந்துக்குக் காத்திருப்போர் கூடும் இத்தகைய சந்திப்புகளே பரிசுச் சீட்டு விற்பனையின் இயல்பான களங்களாக இருந்தன.

தமிழகப் பரிசுச் சீட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரசியல் தலைவர்களின் அறிவிப்புகளையும் வருவாய்க் கணக்கையும் மட்டுமே பேசுகின்றனர். சீட்டு என்ற பொருள் எவ்வாறு நம்பப்பட்டது, அந்த நம்பிக்கையை யார் உருவாக்கினர், தடைக்குப் பின் அது எங்கே சென்றது என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. இவ்வினாக்களை முன்னிறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ‘சீட்டு’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு

தமிழில் ‘சீட்டு’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். கடன் சீட்டு என்பது எழுத்துச் சான்று. ஏலச் சீட்டும் குலுக்குச் சீட்டும் கூட்டுச் சேமிப்பு முறைகள். சீட்டாட்டம் பொழுதுபோக்காகவும் சூதாகவும் அமைவது. திருவுளச் சீட்டு என்பது மனிதர் முடிவெடுக்க இயலாதபோது இறைவனிடம் முடிவை ஒப்படைக்கும் வழக்கம். சான்று, சேமிப்பு, சூது, தெய்வத் தீர்ப்பு ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

1968இல் அரசின் திட்டம் ‘பரிசுச் சீட்டு’ எனப் பெயர்பெற்றபோது இப்பொருட்பரப்பு முழுவதையும் அது தன்னுள் வாங்கிக்கொண்டது. மாதந்தோறும் சீட்டுக் கட்டிப் பழகிய குடும்பத்துக்குப் ‘பரிசுச் சீட்டு’ அன்னியமான சொல் அன்று. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. குலுக்குச் சீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை தொகை கிடைத்தே தீரும். குலுக்கல் முடிவுசெய்வது யாருக்கு எப்போது என்பதை மட்டுமே. பரிசுச் சீட்டிலோ பலர் இழப்பதாலேயே ஒருவர் பெறுகிறார்.

சட்டமும் இவ்வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாடு சீட்டு நிதிச் சட்டம் 1961இல் சேமிப்புச் சீட்டை முறைப்படுத்தியது. பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் 1978இல் தனியார் நடத்திய பரிசுச் சேமிப்புத் திட்டங்களைத் தடைசெய்தது. மக்கள் வழக்கில் அருகருகே நின்ற இரண்டையும் பிரித்துவைக்க இரு வேறு சட்டங்கள் தேவைப்பட்டன என்பதே சொல்லின் வலிமைக்குச் சான்று.

2. குடமும் குழந்தையும்: குலுக்கல் நம்பப்பட்ட முறை

குலுக்கல் தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டன. மகாசபை முழுமையும் கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். ஏதுமறியாத சிறுவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படித்தார். உடனிருந்தோரும் அதைப் படித்து உறுதிசெய்தனர்.

இது சூது அன்று. ஊராட்சிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஆனால் குலுக்கல் எவ்வாறு நம்பத்தக்கதாக ஆக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று அரிது. விரித்த உள்ளங்கை, உயர்த்திய குடம், சூழ்ச்சி அறியாச் சிறுவன் ஆகிய மூன்றும் ஏமாற்றுக்கு இடமில்லை என்பதைக் கண்முன் நிறுவும் ஏற்பாடுகள். ஸ்பெயின் நாட்டில் 1812 முதல் நடைபெறும் கிறித்துமசுப் பரிசுச் சீட்டில் சான் இல்டெஃபோன்சோ பள்ளிச் சிறார் எண்களைப் பாடி அறிவிப்பது இன்றும் தொடர்கிறது. காலமும் இடமும் வேறாயினும் குழந்தையின் கை ஆற்றும் பணி ஒன்றே.

இத்தாலியின் ஜெனோவா நகர வரலாறு மற்றொரு கோணத்தில் ஒப்பிடத்தக்கது. அங்கும் நகர ஆட்சிக் குழுவுக்கு உறுப்பினர்கள் குலுக்கல் வழியே தெரிவுசெய்யப்பட்டனர். யார் பெயர் வரும் என மக்கள் பந்தயம் கட்டினர். நாளடைவில் பெயர்கள் நீங்கி எண்கள் வந்தன; தொண்ணூறு எண்களில் ஐந்தை எடுக்கும் ‘லோட்டோ’ பிறந்தது. அரசியல் தேவைக்காக நடந்த குலுக்கலின் முடிவை மற்றவர் எடுத்துத் தம் பந்தயத்துக்கு ஆதாரமாக்கிக்கொண்டனர் என்பதே இதன் சாரம். தமிழகத்தில் இன்று நிகழ்வதைப் புரிந்துகொள்ள இச்செய்தி பெரிதும் உதவும்.

3. குடியேற்ற ஆட்சியின் இரட்டை நிலை

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்து அரசியின் ஆணைப்படி 1569இல் அரசுப் பரிசுச் சீட்டு குலுக்கப்பட்டது. 1826இல் அந்நாட்டு அரசுச் சீட்டு முடிவுக்கு வந்து 1994இல்தான் மீண்டும் தேசியச் சீட்டாக எழுந்தது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் கல்கத்தாவின் நகர மண்டபம் சீட்டுப் பணத்தால் கட்டப்பட்டது. 1817இல் அமைக்கப்பட்ட சீட்டுக் குழு அந்நகரின் சாலைகளையும் குளங்களையும் சீர்செய்தது.

எனினும் இதே ஆட்சி 1844ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால் அரசு ஒப்புதலற்ற சீட்டுகளை ஒடுக்கியது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294அ பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அரசு நடத்தினால் சீட்டு, பிறர் நடத்தினால் குற்றம் என்னும் பிரிவினை அப்போதே வேரூன்றியது. அரசமைப்புச் சட்டமும் இதையே பின்பற்றிற்று: பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவில் அடங்க, அரசுகள் நடத்தும் லாட்டரி மட்டும் ஒன்றியப் பட்டியலின் 40ஆம் பதிவுக்குச் சென்றது. ஒரே செயல், நடத்துபவரைப் பொறுத்து இரு வேறு அதிகாரங்களின் கீழ் வந்தது.

4. வீடும் நாடும்: 1968 முதல் 2003 வரை

கேரளம் 1967 நவம்பரில் சீட்டு விற்பனையைத் தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு முதற்பரிசு 50,000 ரூபாய். முதற் குலுக்கல் 1968 சனவரி 26இல் நடைபெற்றது. அதே ஆண்டில் முதலமைச்சர் அறிஞர் அண்ணா தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைத் தொடங்கினார். “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற முழக்கம் அத்திட்டத்தோடு பிரிக்க இயலாததாயிற்று.

இம்முழக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சூது என்பது இழப்பின் கதை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முதலாக நம் அறநூல்கள் அதை அவ்வாறே கண்டன. முழக்கமோ இழப்பைக் கொடையாக மாற்றியது. விழாத சீட்டு வீணான சீட்டு அன்று, வரி செலுத்திய சான்று என்னும் பொருள் அதற்குக் கிடைத்தது. மரபான அறத்தடை தளர்வதற்கு இச்சொல்மாற்றம் துணைநின்றது எனலாம்.

திட்டம் இடையில் சில ஆண்டுகள் நிறுத்தப்பெற்றுப் பின் மீண்டும் தொடங்கப்பெற்றது. இதற்கிடையே பிற மாநிலச் சீட்டுகளும் தமிழகச் சந்தையில் பெருகின. சிக்கிம், நாகாலாந்து, மணிப்பூர், மேகாலயா, அண்டை நாடான பூட்டான் ஆகிய பெயர்கள் நிலப்படத்தில் அவற்றின் இடம் அறியாதோர்க்கும் சீட்டுக்கடை வழியே அறிமுகமாயின. மிதிவண்டியில் பொருத்திய பலகையும், கவ்விகளில் வரிசையாகத் தொங்கிய சீட்டுகளும், “நாளை குலுக்கல்” என்று கூவிய ஒலிபெருக்கியும், மறுநாள் கூட்டமாக நின்று பார்த்த முடிவுத்தாளும் பேருந்து நிலையங்களின் அன்றாடக் காட்சிகளாயின. நாட்டுக்கு என்ற முழக்கத்தின் ‘நாடு’ இப்போது வேறெங்கோ இருந்தது.

2001இல் சிக்கிம் அரசின் பெயரால் கணினிவழி லாட்டரி அறிமுகமானது. கடையிலுள்ள முனையம் மையக் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் தாம் விரும்பும் எண்களைத் தாமே தெரிவுசெய்வார். இங்கே ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்தது. அச்சிட்ட சீட்டில் எண் முன்பே இருக்கும். வாங்குபவர் சீட்டை வாங்கினார். முனையத்தில் அவர் எண்ணை வாங்கினார். தாள் அதன் பற்றுச்சீட்டாக மட்டும் ஆனது. சீட்டிலிருந்து எண் பிரிந்த முதற்கட்டம் இதுவே.

2003 சனவரியில் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் அரசு, கணினிவழி லாட்டரி உட்பட அனைத்தையும் தமிழ்நாட்டில் தடைசெய்தது.

5. நீதிமன்றத்தின் முன் சீட்டு

விற்கப்படுவது தாளா, வாய்ப்பா என்னும் வினா நீதிமன்றங்களையும் எதிர்கொண்டது. தமிழ்நாடு அரசு சீட்டு விற்பனைக்கு வரி விதித்தபோது எழுந்த அன்ராஜ் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம், சீட்டில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன என்றது: குலுக்கலில் பங்குபெறும் உரிமை, பரிசு பெறும் உரிமை. முன்னது சரக்கு, ஆகவே வரிக்குரியது எனத் தீர்ப்பளித்தது. 2006இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் அரசமைப்பு அமர்வு இப்பிரிப்பை ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றே, வாய்ப்பைத் தவிர அதில் விற்பதற்கு வேறு சரக்கு இல்லை என்பது அதன் நிலைப்பாடு.

1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் மற்றொரு முதன்மைச் சான்று. அதன் 4ஆம் பிரிவு, முன்னரே அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு தரலாகாது என்றது. சீட்டு அரசின் முத்திரையோடு அச்சிடப்பட வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும் என்றது. 5ஆம் பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. இதனைப் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் (1999) ஏற்ற உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பையும் இட்டது: தன் சீட்டை நடத்திக்கொண்டே பிறர் சீட்டைத் தடுக்க ஒரு மாநிலத்துக்கு உரிமையில்லை. 2003இல் தமிழ்நாடு தன் சொந்தச் சீட்டையும் சேர்த்தே மூடியதன் சட்டப் பின்புலம் இது. தடை முழுமையாக அமைந்தது கொள்கை உறுதியால் மட்டுமன்று. சட்டத்தின் கட்டாயமும் அதில் உண்டு.

தடை தமிழகத்தில் விற்பனையை நிறுத்தியதேயன்றி இங்கு வளர்ந்த வாணிகத்தை நிறுத்தவில்லை. 2024 மார்ச்சில் வெளியான தேர்தல் பத்திர விவரங்களின்படி, மிகுந்த தொகைக்குப் பத்திரங்கள் வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூர் முகவரியுடைய லாட்டரி நிறுவனமான ‘பியூச்சர் கேமிங்’. அத்தொகை 1,368 கோடி ரூபாய்.

6. தாளற்ற எண்

இன்று தமிழகக் காவல்துறைச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் ‘மூன்று நம்பர் லாட்டரி’யின் இயக்கம் எளியது. கேரள அரசு நாள்தோறும் பிற்பகலில் குலுக்கல் நடத்துகிறது. முதற்பரிசுக்குரிய ஆறிலக்க எண் உடனே வெளியாகிறது. அதன் கடைசி மூன்று இலக்கங்களை முன்கூட்டியே சொல்பவர் வென்றவர். விற்பவர் வெள்ளைத்தாளில் எண்ணை எழுதித் தருவார், அல்லது வாட்ஸ்அப்பில் பதிந்துகொள்வார். அரசின் முத்திரை இல்லை, வரி இல்லை, பரிசுக்கு உறுதியும் இல்லை.

இவ்வாணிகம் குலுக்கல் நடத்துவதில்லை என்பது கவனத்துக்குரியது. உத்திரமேரூரில் விரித்த உள்ளங்கை தந்த நம்பிக்கையை இங்கே கேரள அரசின் பொதுக் குலுக்கல் தருகிறது. எண்ணை விற்பவர் அதைச் செலவின்றிக் கடனாகப் பெறுகிறார். எல்லோரும் காண வெளியாகும், எவரும் மாற்ற இயலாத இத்தகைய எண்ணை இக்கட்டுரை ‘பொது எண்’ எனக் குறிக்கிறது.

உலக வரலாற்றில் இதற்கு நேர் இணைகள் உள்ளன. 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின உழைப்பாளர் நடுவே பரவிய எண் சூது, நாளிதழில் வெளியான வங்கிக் காசோலைத் தீர்வகத்தின் தொகைகளிலிருந்து மூன்று இலக்கங்களை எடுத்தது. பம்பாயில் நியூயார்க் பருத்திச் சந்தையின் தந்திவழி விலைகளே முதலில் பந்தய எண்களாயின. 1960களின் தொடக்கத்தில் அவ்வழி அடைபட்டபின் எண்களை மட்காவில், அதாவது குடத்தில், இட்டு எடுத்தனர். தாய்லாந்தில் அரசுச் சீட்டின் கடைசி இலக்கங்களைக் கொண்டு ‘நிலத்தடிச் சீட்டு’ நடக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் ஒரு படி மேலே சென்று இச்சூதையே தம்வயப்படுத்தின: நியூ ஜெர்சி 1975இல் நாள்தோறும் மூன்றிலக்கக் குலுக்கலை அரசுச் சீட்டாகவே தொடங்கியது.

மூன்றிலக்க ஆட்டத்தின் ஈர்ப்பைக் கணக்கு விளக்கும். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஒரு ரூபாய்க்கு 500 ரூபாய் பரிசு எனக் கொண்டால் கட்டியதில் சரிபாதி நடத்துபவருக்கே. நாள்தோறும் 50 ரூபாய் கட்டும் ஒருவர் 300 நாளில் 15,000 ரூபாய் செலுத்துவார். அவர் ஒரு முறையேனும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. மூன்றில் இரண்டு இலக்கங்கள் மட்டும் அதனதன் இடத்தில் பொருந்தும் வாய்ப்போ ஆயிரத்தில் 27. அதாவது அந்த 300 நாளில் ஏறத்தாழ எட்டு முறை, “ஒரு எண்ணில் போச்சு” என்று அவர் சொல்ல நேரும். இழப்பு என்று உணரப்படாமல், ‘நெருங்கிவிட்டேன்’ என்று உணரப்படும் இந்த எட்டு நாள்களே அவரை மறுநாளும் அழைத்துவருகின்றன. அமெரிக்கப் பவர்பால் சீட்டில் முதற்பரிசு வாய்ப்பு ஏறத்தாழ 29.22 கோடியில் ஒன்று. அங்கே வெற்றி கனவாகவே நிற்கும். மூன்றிலக்கமோ வெற்றியைப் பக்கத்து வீட்டில் குடிவைக்கிறது.

7. சந்திப்பிலிருந்து நோக்கும்போது

செம்பட்டி வழியே செல்லும் குமுளிச் சாலை இவ்வரலாற்றின் மூன்று கட்டங்களையும் விளக்குகிறது. 2003க்கு முன் சீட்டு வெளிப்படையான சரக்கு. தடைக்குப் பின் கேரளச் சீட்டு எல்லை கடந்தால் அது கடத்தல் பொருள். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் அகப்படும். எண்ணுக்கோ எல்லையும் இல்லை, பையும் இல்லை. சாலை வழியே வர வேண்டிய தேவையே அதற்கு இல்லாமற் போயிற்று. சீட்டைத் தேடும் காவல் நடைமுறையும் சீட்டையே கருதி எழுதிய சட்டமும் எண்ணின் முன் தடுமாறுவதன் காரணம் இதுவே.

இம்மாற்றத்தின் சுமை யார்மேல் விழுந்தது என்பதே முதன்மையான வினா. அரசுச் சீட்டின் காலத்தில் பரிசு விழுந்தவர், சீட்டைக் காட்டி அரசிடம் உரிமை கோரலாம். எண் வாங்கியவரோ விற்றவரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்ப வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவின்படி, பந்தய ஒப்பந்தத்தைச் செல்லாததாகக் கருதுகிறது. ஆகவே வென்றவருக்கு நீதிமன்றம் இல்லை. தோற்றவர் வாங்கிய கைமாற்றும் வட்டியும் மட்டும் உண்மையாக நிற்கின்றன. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் மூன்றெண் லாட்டரிக் கடனால் ஒரு குடும்பமே உயிர்துறந்தது. தடை நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த துயரம் அது. தடையின் வெற்றியைக் கடைகள் மறைந்ததைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது என்பதை அது உணர்த்தியது.

இதனால் தடை பயனற்றது என்பது இக்கட்டுரையின் முடிபு அன்று. பேருந்து நிலையத்தில் எல்லோரையும் கூவி அழைத்த வாணிகம் ஒழிந்ததால், அதன் பக்கமே செல்லாமல் தப்பிய குடும்பங்கள் பல இருக்கும். தப்பாதவர்க்கு முன்பிருந்த சிறு பாதுகாப்பும் போயிற்று என்பதும் உடன் கூறத்தக்கது. இரண்டும் ஒரே ஆணையின் விளைவுகள்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் மூன்று. முதலாவது, ‘சீட்டு’ என்னும் சொல் சேமிப்புக்கும் சூதுக்கும் பொதுவாக நின்றமையால் அரசின் பரிசுச் சீட்டு மரபான அறத்தடையை எளிதில் கடந்தது. 1968இன் முழக்கம் இழப்பைக் கொடையாக்கி அதற்குத் துணைநின்றது. இரண்டாவது, 1844 முதல் 1998 வரை வந்த சட்டங்கள் யார் நடத்துகின்றனர், எதை அச்சிடுகின்றனர் என்பவற்றையே மையமாகக் கொண்டன. 2001இன் முனையத்தில் தொடங்கி இன்றைய வாட்ஸ்அப் வரை எண் தாளிலிருந்து விடுபட்டபோது அச்சட்டங்களின் பிடி தளர்ந்தது. மூன்றாவது, மறைமுக எண் சூது எப்போதும் ஒரு பொது எண்ணைச் சார்ந்தே வாழ்கிறது. ஆகவே ஒரு மாநிலத்தின் தடை, அடுத்த மாநிலத்தின் வெளிப்படையான குலுக்கலோடு பிணைந்தே நிற்கிறது.

2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025இல் ஒன்றிய அரசு இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும் முனையத்தையும் செயலியையும் நோக்கியவை. வெள்ளைத்தாளில் எழுதப்படும் மூன்று இலக்கங்கள் இவ்விரண்டுக்கும் வெளியே பழைய சட்டத்தின் கீழேயே நிற்கின்றன. இனி வரும் ஆய்வுகள், அரசாணைகளோடு நிற்காமல், செம்பட்டி போன்ற சந்திப்பூர்களில் சீட்டு விற்றோர், வாங்கியோர், கடன்பட்டோர் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தல் வேண்டும். சீட்டுக்கடையை நேரில் கண்ட தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே செய்யத்தக்க பணி அது.